கோடியக்கரை, ஜனவரி: தண்ணீர் நிறைய, பறவை தூரத்தில். ஏன்?

நாரைக்கால் (இழையைத் தொடங்கியவர்)

போன ஞாயிறு நான்கு பேர் ஒரு காரில் தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரை போய்வந்தோம். இருட்டோடு கிளம்பி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக விடிகிற நேரத்துக்குக் கோடியக்காடு சோதனைச் சாவடியில் இருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் எங்கேயோ ஆறுமணிக்குருவி இரண்டு முறை கூப்பிட்டது. ஆளைக் காட்டவில்லை, குரலோடு சரி.

போவதற்கு முன் கேட்ட எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "இந்த முறை நல்ல மழை, சதுப்பு நிரம்பிக் கிடக்கிறது, பறவையை அள்ளலாம்." சதுப்பு நிரம்பித்தான் கிடந்தது. கரைச்சாலையின் ஓரம்வரை தண்ணீர். ஆனால் பறவை? பூநாரைகள் அடிவானத்தில் வெளிறிய ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன. பைனாகுலரில் பார்த்தால் கோடு கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான். உள்ளான் (சேற்றில் இரை பொறுக்கும் சின்னக் கரைப்பறவை) கூட்டம் ஆயிரக்கணக்கில் சேற்றில் ஓடும் என்று படித்துவிட்டுப் போனவர்களுக்கு, ஓடுவதற்குச் சேறே இல்லை.

பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். மீசை ஆலா நிறைய, காஸ்பியன் ஆலா சில. பழுப்புத்தலைக் கடற்காகம் கடற்கரையில் மீன் இறங்கும் இடத்தில். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை. தூரத்தில் மிதந்த ஊசிவால் வாத்துக் கூட்டம். அதன்மேல் ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்தபோது கூட்டம் முழுக்க எழுந்து உட்கார்ந்தது, அது அழகு. மின்கம்பத்தில் விரால் அடிப்பான், கையில் மீனோடு. மதியம் புல்வெளியில் வெளிமான் மந்தை. இரண்டு கிடாக்கள் கொம்பைக் கோத்துத் தள்ளிக்கொண்டிருந்தன. மட்டக்குதிரைகளும் இருந்தன.

ஒரே ஒரு உப்பளக் கரையில் மட்டும் குட்டி உள்ளான்கள் கிடைத்தன. படம் எடுத்தேன், சுமாராக வந்திருக்கிறது. கறுப்புக் கால், சின்ன நேரான அலகு, சிட்டுக்குருவி அளவு. அதோடு கூடவே கொஞ்சம் பெரிதாக, அலகு நுனி கீழே வளைந்த இன்னொன்று.

கேள்வி இரண்டு. அந்தக் குட்டிகள் என்ன? இவ்வளவு தண்ணீர் இருந்தும் பறவை ஏன் பக்கத்தில் இல்லை?

---

உப்பளத்து ஆள்

இவ்வளவு தண்ணீர் இருந்ததால்தான் இல்லை.

நான் வேதாரண்யம். அப்பா உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். சின்ன வயதிலிருந்து பார்த்த கணக்கைச் சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்து சதுப்பு ரொம்பிவிட்டால், தண்ணீர் இறங்கும் வரைக்கும் சின்னப் பறவைக்கு அங்கே வேலை கிடையாது. அதன் கால் உயரம் உங்கள் சுண்டுவிரல்கூட இல்லை. முழங்கால் ஆழத்தில் அது என்ன செய்யும்? மேலே பறந்து பார்த்துவிட்டு, எங்கே கரை ஓரம் ஈரமாகத் தெரிகிறதோ அங்கே போய்விடும்.

தண்ணீர் இறங்குவது ஓதத்தால் மட்டும் இல்லை. நம் பக்கம் ஏற்றம் வற்றம் சிறிது, ஒரு மீட்டருக்கும் கீழே. சதுப்புக்குள் தண்ணீரை நகர்த்துவது பெரும்பாலும் காற்று. வாடை அடித்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும், நேற்றுத் தண்ணீர் நின்ற இடம் இன்று சேறாக இருக்கும். காற்று விழுந்தால் திரும்ப வந்து மூடும். அதனால் போகிற நாளுக்கு முந்தின இரண்டு நாள் காற்றைப் பாருங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மழையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று. தை பிறந்துதான் இங்கே உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை ஆரம்பிக்கும். மழைத் தண்ணீரை இறைத்துவிட்டு, சேற்றை மிதித்துச் சமன் செய்வார்கள். அப்போது சேறு கிளறும் இடத்தில் புழு மேலே வரும், உள்ளான் காலடியில் ஓடும். நீங்கள் குட்டிகளைப் பார்த்த கரை அப்படி ஒன்றாக இருந்திருக்கும்.

---

ஏரிக்கரைவாசி

மன்னிக்கவும், எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. நான் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கலில் ஏரி நிரம்பவில்லை என்றால் அந்த வருடம் அவ்வளவுதான், சனம் வந்து காலி மரத்தைப் பார்த்துவிட்டுப் போகும். தண்ணீர் வந்தால் நத்தைகுத்தி நாரை வரும், கரண்டிவாயன் வரும், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாம் வரும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், ஏரிப் பறவைகளைச் சுடக்கூடாது என்ற கிராமத்து உரிமையை எழுத்தில் கொடுத்தார். 1936-ல் சரணாலயம் ஆனது. ஊர்க்காரர்கள் கேட்டதன் காரணமும் தண்ணீர்தான். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு உரம். இன்றைக்கும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவ்வளவும் நிரம்பிய ஏரியை நம்பி நடப்பது. "தண்ணீர் அதிகம், அதனால் பறவை இல்லை" என்று யாராவது எங்கள் ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

---

உள்ளான்பித்தன்

ஏரிக்கரைவாசி அண்ணன் சொல்வது வேடந்தாங்கலுக்குச் சரி, உப்பளத்து ஆள் சொல்வது கோடியக்கரைக்குச் சரி. இரண்டும் ஒரே ஜனவரியில் நடக்கும், ஆனால் ஒரே விஷயம் கிடையாது.

வேடந்தாங்கல் கூடு கட்டும் இடம். அங்கே பறவைக்குத் தண்ணீர் வேண்டியது முதலில் கோட்டைக்காக: மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பூனை, நரி ஏறாது. சாப்பாட்டுக்கு அவை சுற்றுவட்டாரத்து வயல், ஏரி என்று பறந்து போய்விட்டுத் திரும்பும். ஏரியே முப்பது ஹெக்டேர்தான். அதற்குள் அத்தனை பறவைக்கும் இரை எங்கே இருக்கும்?

கோடியக்கரை சாப்பாட்டுக் கடை. உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இங்கே கூடு கட்ட வரவில்லை. ஆர்க்டிக் ஓரத்தில், சைபீரியத் துந்த்ராவில் ஆறேழு வாரக் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இறங்கி வந்து, இங்கே ஆறு மாதம் தின்று, இறகு மாற்றி, கொழுப்பு ஏற்றிக்கொண்டு ஏப்ரலில் திரும்புகின்றன. அவற்றுக்கு வேண்டியது ஓரிரு சென்டிமீட்டர் தண்ணீரும் அதற்கடியில் மெத்தென்ற சேறும். கருவால் மூக்கன் மாதிரி நீண்ட காலும் நீண்ட அலகும் இருந்தால் கொஞ்சம் ஆழம் போகலாம். நெடுங்கால் உள்ளான் அதைவிட ஆழம் போகும். பூநாரை ஒன்றரை மீட்டர் உயரம்வரை நிற்கிற பறவை, அது தொடை ஆழத்திலும் நின்று மேயும். அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏற ஏற, கடையில் ஒரு வரிசை நாற்காலி காலியாகும்.

நாரைக்கால், உங்கள் குட்டிகள் கொசு உள்ளான் என்றே தோன்றுகிறது. கறுப்புக் கால் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் டெம்மிங்க் கொசு உள்ளான் கழிந்தது. அதற்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை. அது பெரும்பாலும் புல் முளைத்த நன்னீர் ஓரத்தில் தனித்தனியாக நிற்கும், கூட்டத்தோடு விறுவிறுவென்று ஓடாது. பக்கத்தில் நின்ற வளைந்த அலகுக்காரர் கர்லூ சாண்ட்பைப்பர் என்று எல்லோரும் சொல்கிற வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது பிட்டம் வெள்ளையாகத் தெரிந்ததா?

---

நாரைக்கால்

தெரிந்தது! ஒரு படத்தில் வால் ஆரம்பிக்கும் இடம் முழு வெள்ளை. அப்படியானால் டன்லின் (அதே மாதிரி வளைந்த அலகுள்ள இன்னொரு உள்ளான்) இல்லையா? கூட வந்தவர் டன்லின் என்று அடித்துச் சொன்னார்.

---

உள்ளான்பித்தன்

டன்லினுக்குப் பிட்டத்தின் நடுவில் கறுப்புக் கோடு ஓடும், இரண்டு ஓரமும்தான் வெள்ளை. தென்னிந்தியாவில் டன்லின் அரிது, அதைப் பட்டியலில் போடுவதற்கு முன் நல்ல படம் வேண்டும். பறவைப் பட்டியல் பதிவிடும் ஈபேர்ட் தளத்தில் போட்டால் சரிபார்ப்பவர் கட்டாயம் கேள்வி கேட்பார்.

ஒரு செய்தி. இந்த வளைமூக்கு உள்ளானை நம் கரையில் சாதாரணப் பறவையாக நினைத்துக் கடந்துபோகிறோம். 2024-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் வரிசைக்கு உயர்த்திவிட்டார்கள். உலக அளவில் குறைகிறது. அதனால் "இரண்டு மூன்று உள்ளான், பெயர் தெரியாது" என்று விடாமல் எண்ணிப் போடுங்கள். உங்கள் எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்கிறது.

---

கேமராக்கண்

எல்லாம் சரி, தூரத்தில் இருக்கும் பூநாரையை என்ன செய்வது? போன மாதம் நாங்கள் போனபோது இன்னொரு குழு இருந்தது. அவர்களுடைய ஆள் ஒருவர் கரையிலிருந்து இறங்கிப் போய்க் கையைத் தட்டினார், கூட்டம் முழுக்க எழுந்தது. சிவப்பும் கறுப்புமாக இறக்கை விரிந்த அந்தப் படம் எங்களுக்கும் கிடைத்தது. ஒரு நிமிடம் பறந்தன, அரைக் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்தன. யாருக்கு என்ன நஷ்டம்? தினமும் பருந்து வந்து எழுப்பத்தான் செய்கிறது.

---

தவிட்டுக்குருவி

நஷ்டம் இருக்கிறது சார். பருந்து எழுப்பினால் அது பறவையின் கணக்கில் ஏற்கெனவே உள்ள செலவு. நாம் எழுப்புவது அதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமை பத்துக் குழு வருகிறது, பத்துக் குழுவும் ஆளுக்கு "ஒரே ஒரு நிமிடம்" எடுத்துக்கொண்டால்?

---

கேமராக்கண்

அப்படிப் பார்த்தால் நாம் யாருமே போகக்கூடாது. கார்ச் சத்தம்கூடத் தொல்லைதான்.

---

வாடைக்காற்று

கார் கரையிலேயே நிற்கிறது, பறவை அதற்குப் பழகிவிடும். ஆள் இறங்கி நடந்தால் பழகாது. இந்த வித்தியாசம் களத்தில் ஒரு மணி நேரம் நின்றாலே தெரியும். காருக்குள் உட்கார்ந்து, இன்ஜினை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். பவளக்காலி தானாகக் கதவுப் பக்கம் வரும்.

பூநாரை மேய்வதைக் கவனித்தீர்களா? தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வர, நாக்கைப் பிஸ்டன் மாதிரி தள்ளித் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றிக்கொண்டே நடக்கும். அலகின் ஓரத்துச் சல்லடையில் சிக்குவதுதான் சாப்பாடு: பூச்சிப் புழு, குட்டி இறால், பாசி விதை. அணுவணுவாகச் சேர்க்கிற சாப்பாடு. அதனால் பகலும் இரவும் மேய்கிறது. தட்டி எழுப்பினால் அது படம் எடுத்த நிமிடத்தோடு முடியாது. உட்கார்ந்த இடத்தில் ஆழம் சரியாக இருக்கவேண்டும், இரை இருக்கவேண்டும். அங்கே அது இல்லாததால்தானே முன்பே முதல் இடத்தில் நின்றது.

சட்டமும் இருக்கிறது. சரணாலயத்துக்குள் பறவையை விரட்டுவது குற்றம். அந்தக் குழுவை அங்கேயே தடுத்திருக்கவேண்டும், குறைந்தபட்சம் அந்தப் படத்தைப் போடாமலாவது இருக்கலாம்.

---

கேமராக்கண்

போட்டிருந்த படத்தை நீக்கிவிட்டேன். வாதத்தை முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் படத்தை நீக்கிவிட்டேன்.

---

ஏரிக்கரைவாசி

உள்ளான்பித்தன் தம்பி சொன்ன சாப்பாட்டுக் கடைக் கணக்கு புரிகிறது. ஆனால் ஒரு சந்தேகம். நாரைக்கால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, ஆலா எல்லாம் நிறையப் பார்த்தேன் என்கிறார். அவையும் சாப்பிடத்தானே வந்தன?

---

வாடைக்காற்று

நல்ல கேள்வி. அவை மீன் பிடிக்கிறவை. மழை நன்றாகப் பெய்து, அடப்பாறு, மானங்கொண்டான் மாதிரி காவிரியின் கடைசி வாய்க்கால்கள் சதுப்புக்குள் நன்னீரைக் கொட்டினால் உப்பு குறையும், மீன் குஞ்சு பெருகும். அப்போது கூழைக்கடாவுக்கும் ஆலாவுக்கும் கொண்டாட்டம். மழை பொய்த்து வெயில் ஏறி உப்பு கூடினால் மீன் ஓடிவிடும். உப்பைத் தாங்குகிற இறால், ஈப்புழு எல்லாம் பெருகும், பூநாரை பக்கத்தில் வரும். எல்லை மீறி உப்பு ஏறிவிட்டால் அதுவும் போச்சு, வெறும் வெள்ளைப் பொருக்குத்தான். ஆக கோடியக்கரையில் "நல்ல வருடம்" என்று ஒன்று கிடையாது. யாருக்கு நல்ல வருடம் என்று கேட்கவேண்டும்.

இதனால்தான் பத்திரிகையில் வருகிற "இந்த ஆண்டு பறவை வரத்து அதிகம், குறைவு" என்ற ஒற்றை வரிச் செய்தி எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு நாள், ஒரு கரை, ஒரு காற்று. அதை வைத்து ஆண்டைச் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மழை நல்ல வருடத்தில் டெல்டா முழுக்க வயல், குளம், ஏரி எல்லாம் ஈரம். சம்பா அறுவடை தொடங்கி, தண்ணீர் வடிகிற வயலில் உள்ளானுக்கு விருந்து. அது ஏன் கோடியக்கரையில் கூட்டம் போடவேண்டும்? தஞ்சாவூரிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தீர்கள். வழியில் திருத்துறைப்பூண்டி தாண்டி வயலோரம் நிறுத்தியிருந்தால் பாதிப் பட்டியல் அங்கேயே நிறைந்திருக்கும்.

---

பழைய ரயிலடி

நீங்கள் எல்லோரும் தண்ணீரை மட்டும் பேசுகிறீர்கள். எண்ணிக்கையே விழுந்துவிட்டது என்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே வலை போட்டு வளையம் மாட்டிக்கொண்டிருந்த காலத்தை நான் பார்த்தவன். சாலிம் அலியின் பெயரை எங்கள் ஊர் டீக்கடையில்கூடச் சொல்வார்கள். அன்றைக்குக் கரண்டிமூக்கு உள்ளானே இங்கே பதிவாகியிருக்கிறது, இன்று உலகத்தில் சில நூறு மிஞ்சியிருக்கிற பறவை. உள்ளான் எழுந்தால் வானம் கறுக்கும். இன்று எழுந்தால் விரல் விட்டு எண்ணலாம். காரணம் உப்பு கம்பெனி, நன்னீரை மேலே தடுத்தது, சீமைக்கருவேலம். கஜா புயல் வேறு.

---

உப்பளத்து ஆள்

ஐயா, கம்பெனியையும் சிறு உப்பளத்தையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இந்த ஊரில் உப்பு காய்ச்சுவது நேற்று வந்த தொழில் இல்லை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அகஸ்தியம்பள்ளியில் உப்பு எடுத்தார் என்றால், எடுக்க உப்பு இருந்ததால்தான். சிறு பாத்திகள் ஆழம் குறைவு, கரை நிறைய, பறவைக்குத் தங்க இடம். பெரிய தேக்கம் கட்டி மாதக்கணக்கில் ஒரே ஆழத்தில் நிறுத்தினால்தான் சிக்கல். கரையைப் பாருங்கள், ஏற்றம் நேரத்தில் சதுப்பு மூழ்கியபோது உள்ளான்கள் வரிசையாக உட்கார்ந்து தூங்குவது எங்கள் பாத்திக் கரையில்தான்.

---

பழைய ரயிலடி

சிறு பாத்தியைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. ஆனால் ஆற்றுத் தண்ணீர் முன்பு போல் கடைமடைக்கு வருவதில்லை என்பதை மறுக்கமுடியுமா? நன்னீர் வந்து உப்பைக் கலக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் இந்தச் சதுப்பின் உயிர்.

---

வாடைக்காற்று

அதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. எண்ணிக்கை குறைந்தது உண்மை, அங்கே நீண்டகாலம் வேலை செய்த ஆய்வாளர்களும் அதைத்தான் சொல்லிவருகிறார்கள். நன்னீர் வரத்தும் உப்பு மாற்றமும் அவர்கள் சொல்கிற காரணங்களில் முக்கியமானவை. அதோடு இந்தப் பறவைகள் ஆண்டில் பாதியை வேறு நாடுகளில் கழிக்கின்றன. ஈரானின் உர்மியா ஏரியில் வளையமிட்ட பூநாரைகள் இந்தியாவில் கிடைத்திருக்கின்றன. அந்த உர்மியாவே வற்றிச் சுருங்கிவிட்டது. எல்லாப் பழியையும் வேதாரண்யத்திலேயே தேடவேண்டாம்.

கஜாவைப் பொறுத்தவரை: 2018 நவம்பர் 16 விடியற்காலை அது கரையேறியபோது காட்டில் பெரிய மரங்கள் விழுந்தன, வெளிமான்கள் செத்தன. அதன் அடி காட்டுக்குத்தான் அதிகம். சேற்றுத் திட்டில் மேய்கிற உள்ளானைப் புயலோடு முடிச்சுப் போடுவது கடினம். சீமைக்கருவேலமும் அப்படித்தான், அது வெளிமானுக்குப் பெரிய எதிரி. புல்வெளியை மூடிவிட்டால் மான் ஓடமுடியாது, தூரம் பார்க்கமுடியாது. பூநாரைக்கு அது நேரடியாக ஒன்றும் செய்யவில்லை.

---

தவிட்டுக்குருவி

ஒரு நடைமுறைக் கேள்வி. நான் மயிலாடுதுறை, கல்லூரி மாணவி, கார் கிடையாது. பேருந்தில் போய்ப் பார்க்கமுடியுமா? கையில் இருப்பது 8x42 பைனாகுலர் ஒன்றுதான்.

---

உப்பளத்து ஆள்

தாராளமாக வாங்கம்மா. வேதாரண்யம் வந்துவிட்டால் அங்கிருந்து கோடியக்கரைக்குப் பேருந்து உண்டு. 2023-லிருந்து திருத்துறைப்பூண்டி அகஸ்தியம்பள்ளி ரயிலும் மறுபடி ஓடுகிறது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டி குறைவு. கோடியக்காட்டில் வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கவேண்டும். உள்ளே தூரம் அதிகம், நடந்து முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். தனியாகச் சதுப்புக்குள் இறங்கவேண்டாம். மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் முழங்கால் போகும். தண்ணீர், சாப்பாடு கையில் இருக்கட்டும். தங்குவதென்றால் வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, முன்பே கேட்டுக்கொள்ளவேண்டும்.

---

உள்ளான்பித்தன்

8x42 போதும், காட்டுக்கும் கடற்கரைக்கும் அதுதான் சிறந்தது. கடற்கரையில் கடற்காகங்களைப் பழகுங்கள், அவை கிட்டத்தில் நிற்கும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை பழுப்பாக இருக்காது, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறை மட்டும். இந்தப் பெயரை நம்பி நானும் முதல் ஆண்டு முழுக்கத் தேடினேன். இறக்கை நுனியில் கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள்.

சதுப்புக்கு ஸ்கோப் (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வேண்டும். அது இல்லாமல் உப்புக்கொத்திகளை வைத்துச் சண்டை போடாதீர்கள். அதிலும் முன்பு ஒன்றாக இருந்த சின்ன சாண்ட் ப்ளோவர் என்ற உப்புக்கொத்தியை இப்போது இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள், தூரத்தில் நிற்கிற சாம்பல் உருண்டையை வைத்துக்கொண்டு எந்த இனம் என்று சொல்ல யாராலும் முடியாது. "உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை" என்று எழுதுவது மானக்கேடு இல்லை.

ஜனவரி நடுவில் பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர்க் குளத்திலேயே பதினைந்து நிமிடம் நின்று எண்ணிப் போடுங்கள். கோடியக்கரைக்கு முன் அது நல்ல பயிற்சி.

---

நாரைக்கால்

எல்லோருக்கும் நன்றி. உப்பளத்து ஆள், மறுபடி வரலாம் என்று இருக்கிறோம். எப்போது?

---

உப்பளத்து ஆள்

பிப்ரவரி பாதிக்கு மேல். அதற்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கும். காற்று எப்படி என்று நான் சொல்கிறேன்.

---

தவிட்டுக்குருவி (மூன்று வாரம் கழித்து)

நாங்கள் கல்லூரியிலிருந்து ஐந்து பேர் போய்வந்தோம். இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன்.

தண்ணீர் இறங்கியிருந்தது. கரைச்சாலை ஓரத்திலேயே சேறு, அதில் கொசு உள்ளான் எண்ண முடியாத அளவு. பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிப் பார்த்தேன், நாற்பதாவது பத்தில் எல்லாம் எழுந்து இடம் மாறிவிட்டன. வளைமூக்கு உள்ளான் ஒரு நூற்றுக்கு மேல். சிலவற்றுக்கு வயிற்றில் செங்கல் நிறம் ஏறத் தொடங்கியிருந்தது. கருவால் மூக்கன் கூட்டம், குதிரைமலைக் கோட்டான் ஒன்று. கோணமூக்கு உள்ளான் நான்கு, அதைப் பார்த்த பிறகு தோழி ஒருத்தி வேறு எதையும் பார்க்க மறுத்துவிட்டாள்.

ஆனால் பூநாரை பக்கத்தில் வரவில்லை. இன்னும் தூரம் போய்விட்டது. ஆட்டோ அண்ணன், மேற்கே முத்துப்பேட்டைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார். தண்ணீர் குறைந்தால் பூநாரை வரும் என்று இங்கே எழுதினீர்களே?

---

வாடைக்காற்று

உள்ளானுக்குத் தண்ணீர் குறைந்தது, பூநாரைக்கு ரொம்பக் குறைந்துவிட்டது போல. இல்லையென்றால், உப்பு இன்னும் ஏறவில்லை, இரை பெருகவில்லை. இரண்டில் எது என்று கரையில் நின்றுகொண்டு சொல்லமுடியாது. பூநாரை ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பறவை, அதற்குக் கோடியக்கரை, முத்துப்பேட்டை, பழவேற்காடு என்று வரைபடம் வேறு. செங்கல் நிறம் கண்டது நல்ல கவனிப்பு, அது கிளம்பும் கோலம்.

---

தவிட்டுக்குருவி

இன்னொன்று கேட்க மறந்தேன். ஒரு வளைமூக்கு உள்ளானின் காலில் சின்னக் கொடி மாதிரி நிறத் துண்டு இருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் எழுத்து இரண்டு தெரிகிறது, மூன்றாவது கலங்கல்.

---

உள்ளான்பித்தன்

அழிக்காதீர்கள்! அந்தத் துண்டு வளையமிடும் ஆய்வாளர்கள் மாட்டியது. எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, கொடியின் நிறம், எழுத்துகள், தேதி, இடம், இவ்வளவையும் எழுதி, மூலப் படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். எழுத்து ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, நிறத்தை வைத்தே எந்த நாட்டில் மாட்டியது என்று பலநேரம் தெரிந்துவிடும். வலது இடது மாற்றி எழுதிவிடாதீர்கள், பறவையின் வலது.

---

தவிட்டுக்குருவி

இடது கால், முட்டிக்கு மேல். அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.

---

நாரைக்கால்

நாங்கள் மார்ச் முதல் ஞாயிறு போகிறோம். காரில் ஒரு இடம் காலி, மன்னார்குடியில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்கோப் யாரிடமாவது இருக்கிறதா?

---

உள்ளான்பித்தன்

என்னிடம் இருக்கிறது, மன்னார்குடிக்கு வந்துவிடுகிறேன். ட்ரைபாடின் ஒரு கால் ஆடும், கட்டுவதற்குச் சணல் கயிறு எடுத்து வாருங்கள்.